கையெழுத்திடும் கடமை
மிச்சிகனை முன்வைத்து அமெரிக்க ஜனநாயகத்தின் சலிப்பும் நம்பிக்கையும்

கேள்வி

அரசியலை நினைத்தால் என்ன தோன்றுகிறது என்று 2023இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் கேட்டது. நூற்றுக்கு 65 பேர் எப்போதும் அல்லது அடிக்கடி அயர்ச்சியே ஏற்படுவதாகச் சொன்னார்கள். நம்பிக்கை பிறப்பதாகச் சொன்னவர்கள் 10 பேர். மத்திய அரசு பெரும்பாலும் சரியானதையே செய்யும் என்று 1958இல் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் நம்பினார்கள். இன்று அப்படி நம்புகிறவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

இந்த எண்களை மட்டும் படிப்பவர்கள், இப்படிப்பட்ட மக்கள் வாக்குச்சாவடிப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார்கள் என்று முடிவுகட்டுவார்கள். நடந்தது நேர்மாறு. 2020 அதிபர் தேர்தலில் தகுதியுள்ளவர்களில் சுமார் 66 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். 1900க்குப் பிறகு அவ்வளவு பேர் வாக்களித்ததில்லை. அதிபர் பதவிக்காலத்தின் நடுவே வந்த 2018 தேர்தலிலும் ஒரு நூற்றாண்டு காணாத கூட்டம்.

சலித்துப்போனவர்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? எதிர்க்கட்சியின் மீதுள்ள அச்சமும் வெறுப்பும் அவர்களைத் தள்ளிக்கொண்டு வருகின்றன என்பது வழக்கமான பதில். அதில் உண்மை உண்டு, ஆனால் அது முழு விடையாகாது. மிச்சிகன் மாநிலத்தில் 2016க்குப் பிறகு நடந்தவற்றை நிதானமாகப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அங்கே மக்களின் சலிப்பு, விதிகளை மாற்றி எழுதும் வேலையாக உருவெடுத்தது. யாரோ ஒருவருடைய மனசாட்சி மட்டுமே தேர்தலைத் தாங்கிப்பிடித்த இடம் எது என்று பார்த்து, அடுத்த முறை அதை நம்பியிருக்க வேண்டாதபடி அங்கே சட்டத்தை எழுதினார்கள். அந்த வேலை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதுவரையான விளக்கங்கள்

கட்சிப் பிளவைப் பற்றிப் பேசும்போது 1950இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் குழு வெளியிட்ட அறிக்கையை நினைவில் கொள்ளவேண்டும். அன்றைய அறிஞர்களின் குறையே வேறு: இரு கட்சிகளுக்கும் போதிய வேறுபாடு இல்லை, வாக்காளருக்குத் தெளிவான தேர்வு கிடைப்பதில்லை என்று அவர்கள் கவலைப்பட்டார்கள். கட்சிகள் தனித்தனிக் கொள்கையோடு பிரிந்து நிற்கவேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதற்கு மேலாகவே கிடைத்துவிட்டது.

அந்தக் காலத்து இணக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். நிறப் பாகுபாட்டைக் கட்டிக்காத்த தெற்கத்திய அரசியல்வாதிகளும் வடக்கின் சீர்திருத்தவாதிகளும் ஜனநாயகக் கட்சி என்ற ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள்; அதனால்தான் கட்சி எல்லைகள் மங்கலாகத் தெரிந்தன. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபின் அந்தக் கூரை பிளந்தது. பழைய நாகரிகம் போய்விட்டதே என்று ஏங்குகிறவர்கள், அந்த நாகரிகம் யாரை வாசலுக்கு வெளியே நிறுத்தி வளர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பிளவு எவ்வளவு ஆழமானது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. சாதாரண மக்கள் பெரும்பாலும் நடுநிலையில்தான் இருக்கிறார்கள், கட்சித் தலைமைகளும் ஆர்வலர்களுமே இரு கோடிகளுக்குப் போய்விட்டார்கள் என்று மோரிஸ் ஃபியோரினா வாதிட்டார். ஷாந்தோ ஐயங்காரும் அவருடைய சக ஆய்வாளர்களும் கொள்கையை விட்டுவிட்டு உணர்வை அளந்தார்கள். தங்கள் பிள்ளை மாற்றுக்கட்சிக்காரரை மணந்தால் வருத்தப்படுவோம் என்று 1960இல் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். 2010இல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒரு பங்கினரும் அப்படிச் சொன்னார்கள். மதம், நிறம், ஊர், தொழில் எல்லாம் கட்சியோடு ஒரே திசையில் அடுக்கப்பட்டுவிட்டதால், கருத்து வேறுபாடு சிறிதாக இருக்கும்போதுகூடப் பகை பெரிதாகிறது என்று லில்லியானா மேசன் 2018இல் வெளிவந்த நூலில் விளக்கினார். அச்சத்துக்கான காரணங்களை இவர்களின் ஆய்வுகள் நன்றாகவே காட்டுகின்றன.

அச்சுறுத்தல் பற்றிய ஆய்வுகளில் ஸ்டீவன் லெவிட்ஸ்கியும் டேனியல் ஸிப்லாட்டும் எழுதியவை பரவலாக வாசிக்கப்பட்டன. இவர்களிடம் ஐந்தாண்டுகளில் ஏற்பட்ட நகர்வு கவனிக்கத்தக்கது. 2018இல் வந்த அவர்களது முதல் நூல், எதிராளியை நியாயமான போட்டியாளராக ஏற்பது, கையில் உள்ள அதிகாரத்தை முழுக்கப் பயன்படுத்தாமல் அடக்கிக்கொள்வது ஆகிய எழுதப்படாத மரபுகளே ஜனநாயகத்தைக் காக்கின்றன என்றது. 2023இல் வந்த இரண்டாம் நூலின் பார்வை அரசியல் சட்டத்தின் மீதே திரும்பியது. கிட்டத்தட்ட நான்கு கோடி மக்கள் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் ஆறு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் வயோமிங்குக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டே இடங்கள். 2000, 2016 ஆகிய இரு தேர்தல்களிலும் நாடு முழுவதும் குறைந்த வாக்குகள் பெற்றவர் அதிபரானார். சிறுபான்மையை ஆளவைக்கும் இத்தகைய விதிகளை மாற்றாமல் மரபைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை என்பது அவர்கள் வந்துசேர்ந்த இடம். மரபிலிருந்து விதிக்கு என்ற இந்த நகர்வு சரியானது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. மிச்சிகனின் வாக்காளர்கள் இதே முடிவுக்கு நூல்களின் துணையின்றி வந்துசேர்ந்தார்கள்.

நால்வர் குழு: 2020 நவம்பர்

ஒரே தேர்தல் ஆணையத்தின்கீழ் ஆட்சியர்கள் நடத்தும் தேர்தலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அமெரிக்க ஏற்பாடு விநோதமாகத் தோன்றும். அங்கே தேர்தலை நடத்தும் உள்ளூர் அமைப்புகள் மட்டும் 10,000க்கும் மேல். மிச்சிகனில் மாவட்டம் போன்ற பிரிவுகளான கவுண்டிகள் 83. அவற்றுக்குள் 1,500க்கும் அதிகமான நகர, ஊர் எழுத்தர்கள் வாக்காளர் பட்டியலையும் வாக்குச்சீட்டுகளையும் கையாளுகிறார்கள். எண்ணி முடித்தபின் கணக்கைச் சரிபார்த்துச் சான்றளிக்க ஒவ்வொரு கவுண்டியிலும் நால்வர் குழு ஒன்று உண்டு: குடியரசுக் கட்சியிலிருந்து இருவர், ஜனநாயகக் கட்சியிலிருந்து இருவர். அவர்கள் அனுப்புவதை மொத்தமாகச் சரிபார்க்க மாநில அளவிலும் அதேபோன்ற நால்வர் குழு. பல பத்தாண்டுகளாக யாரும் ஏறெடுத்துப் பார்க்காத பதவிகள் இவை.

2020இல் மிச்சிகனை ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் 1,54,188 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். நவம்பர் 17 அன்று டெட்ராய்ட் நகரம் அடங்கிய வெய்ன் கவுண்டியின் குழு கூடியது. சில சாவடிகளில் வாக்காளர் பதிவேட்டில் உள்ள பெயர்களின் எண்ணிக்கையும் எண்ணப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றிரண்டு வேறுபடுகின்றன என்று குடியரசுக் கட்சியின் உறுப்பினர்கள் இருவரும் சான்றளிக்க மறுத்தார்கள். இரண்டுக்கு இரண்டு என்று குழு முட்டிக்கொண்டது. அத்தகைய வேறுபாடுகள் டெட்ராய்ட் முழுவதிலும் சேர்த்துச் சில நூறு வாக்குகள்தான். வரிசையில் காத்திருந்து பொறுமையிழந்து போய்விட்டவர், உறை மாறிப்போன தபால் வாக்கு என்று எல்லாத் தேர்தலிலும் நேர்பவை. 2016இலும் டெட்ராய்டில் இதே சிக்கல் இருந்தது. அப்போது குடியரசுக் கட்சியின் டிரம்ப் மிச்சிகனை வெறும் 10,704 வாக்குகளில் வென்றிருந்தார், சான்றளிப்பு தடைபடவில்லை.

குழுத் தலைவர், டெட்ராய்டைத் தவிர மற்ற ஊர்களுக்குச் சான்றளிக்கத் தயார் என்றார். டெட்ராய்டின் மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர். பக்கத்தில் வெள்ளையர் பெரும்பான்மையாக வாழும் லிவோனியாவிலும் கணக்குப் பிசகு இருந்தது. அதைப்பற்றி அவருக்குப் பேச்சில்லை. இதைக் கேட்டுக்கொண்டிருந்த பொதுமக்கள் ஜூம் வழியாக ஒருவர்பின் ஒருவராக வந்து மணிக்கணக்கில் பேசினார்கள். ஆசிரியர்கள், மதகுருமார்கள், சாவடிப் பணியாளர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் தங்கள் வாக்கை அழிக்கும் உரிமையை யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அன்றிரவே குழு மனம் மாறி நான்குக்குப் பூஜ்யம் என்று சான்றளித்தது. கூட்டம் முடிந்த கையோடு அவ்விரு உறுப்பினர்களுக்கும் டிரம்ப்பிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மறுநாள், தங்கள் வாக்கைத் திரும்பப் பெறுவதாக இருவரும் எழுதிக்கொடுத்தார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லை.

இனி எல்லாம் மாநிலக் குழுவின் கையில் என்றானது. மாநில செனட்டின் குடியரசுக் கட்சித் தலைவரும் பிரதிநிதிகள் அவைத் தலைவரும் வெள்ளை மாளிகைக்கு அழைக்கப்பட்டுத் திரும்பினார்கள். முடிவை மாற்றும் தகவல் எதையும் தாங்கள் அறியவில்லை என்று அறிக்கை விட்டார்கள். நவம்பர் 23 அன்று மாநிலக் குழுவின் கூட்டம் நேரலையில் நடந்தது. குடியரசுக் கட்சியின் ஆரன் வான் லேஞ்ச்வெல்ட் ஒரு வழக்கறிஞர், அதே கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சட்ட ஆலோசனை வழங்கியவர். அவர் கேட்டுக்கொண்டே இருந்தது ஒரு கேள்வியைத்தான்: கவுண்டிகள் முறைப்படி அனுப்பிய கணக்கை ஏற்க மறுக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு எந்தச் சட்டப் பிரிவில் இருக்கிறது? யாராலும் காட்ட முடியவில்லை. தங்களுக்கு இல்லாத அதிகாரத்தைத் தாங்கள் கையில் எடுக்கக்கூடாது என்று சொல்லி அவர் சான்றளிப்புக்கு வாக்களித்தார். கட்சித் தோழரான மற்றோர் உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கினார். மூன்றுக்குப் பூஜ்யம் என்று தீர்மானம் நிறைவேறியது.

வான் லேஞ்ச்வெல்டுக்கும் குடும்பத்துக்கும் மிரட்டல்கள் வந்தன. சில வாரங்களில் பதவிக்காலம் முடிந்தபோது கட்சி அவரை மறுபடியும் பரிந்துரைக்கவில்லை. தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் ஜோஸ்லின் பென்சனின் வீட்டு வாசலில், அவர் நான்கு வயது மகனோடு கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்துகொண்டிருந்த மாலையில், கூட்டம் திரண்டு கூச்சலிட்டது. அந்தக் கூட்டத்தில் ஆயுதம் ஏந்தியவர்களும் இருந்தார்கள்.

முறைகேடு நடந்தது என்ற புகாரைத் தீர விசாரித்தவர்களும் குடியரசுக் கட்சியினரே. மிச்சிகனின் மேல் தீபகற்பத்தைச் சேர்ந்த பால்பண்ணை விவசாயியும் மாநில செனட்டருமான எட் மெக்ப்ரூம் தலைமையிலான குழு 2021 ஜூனில் அறிக்கை தந்தது. பரவலான முறைகேட்டுக்கு ஆதாரம் இல்லை என்று அது தெளிவாகச் சொன்னது. நாடு முழுக்கப் பேசப்பட்ட ஆன்ட்ரிம் கவுண்டியில் முதலில் பைடன் முன்னிலை என்று தவறாக வெளியானதற்குக் காரணம் மனிதத் தவறு. வாக்குச்சீட்டில் கடைசி நேரத்தில் செய்த மாற்றத்துக்கேற்ப எல்லா இயந்திரங்களும் புதுப்பிக்கப்படவில்லை. அங்கே ஒவ்வொரு சீட்டையும் கையால் எண்ணியபோது டிரம்ப்புக்குக் கூடுதலாகக் கிடைத்த வாக்கு வித்தியாசம் 12.

இந்த நிகழ்வுகளை ‘ஒரு மனிதரின் துணிச்சல்’ என்ற கதையாகச் சொல்வது எளிது. அந்தத் துணிச்சல் மெய்யானது, மதிக்கத்தக்கது. ஆனால் ஒரு கோடிப் பேர் வாழும் மாநிலத்தின் தேர்தல், ஒரே ஒருவர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதில் தொங்கியதுதான் அதிலுள்ள அபாயம். அவருடைய இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால், நீதிமன்றம் தலையிட்டுச் சரிசெய்திருக்கக்கூடும். அதற்குள் எத்தனை நாட்கள் போயிருக்கும், அந்த நாட்களில் தெருவில் என்ன நடந்திருக்கும் என்பதை 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்து கலவரம் செய்ததைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

மனுத்தாள் ஏந்தியவர்கள்

மிச்சிகனின் மாற்றம் 2020க்கு முன்பே தொடங்கிவிட்டது. 2012இல் அம்மாநிலத்தில் நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைக்கான வாக்குகளில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது. 14 இடங்களில் 9 குடியரசுக் கட்சிக்குப் போயின. கட்சிக்கு வாகாகத் தொகுதிக்கோடுகளை வளைத்து இழுக்கும் இந்த வழக்கம், 1812இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் கெர்ரியின் பெயரால் கெர்ரிமாண்டரிங் என்று அழைக்கப்படுகிறது. அதிகாரம் கிடைத்தபோது இரு கட்சிகளுமே இதைச் செய்திருக்கின்றன. மேரிலாந்தில் ஜனநாயகக் கட்சி இழுத்த கோடுகளும் இதே வகைதான்.

2016 தேர்தல் முடிந்த சில நாட்களில் கேட்டி ஃபாஹி என்ற 27 வயதுப் பெண், மறுசுழற்சி சார்ந்த அமைப்பு ஒன்றில் வேலைபார்த்தவர், மிச்சிகனில் இந்த வழக்கத்தை ஒழிக்க விரும்புகிறேன், யாராவது சேர்ந்துகொள்கிறீர்களா என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அரசியல் அனுபவம் இல்லாதவர்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். சட்டத் திருத்தத்தைத் தாங்களே வரைந்தார்கள். தேவைப்பட்ட கையொப்பங்கள் 3,15,654. பணம் கொடுத்து ஆள் வைக்காமல், தொண்டர்களே சந்தையிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் நின்று 4,25,000க்கும் மேல் திரட்டினார்கள். திருத்தத்தை வாக்குச்சீட்டில் சேர்க்கக்கூடாது என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே நான்குக்கு மூன்று என்ற கணக்கில், குடியரசுக் கட்சி முன்மொழிந்த நீதிபதிகள் இருவரின் ஆதரவோடு, தடை நீங்கியது. 2018 நவம்பரில் 61 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்.

புதிய விதிப்படி தொகுதிகளை வரைவது 13 குடிமக்கள்: இரு கட்சிகள் ஒவ்வொன்றின் ஆதரவாளர்களிலிருந்தும் நால்வர், எக்கட்சியையும் சாராத ஐவர். அரசியல்வாதிகளுக்கும் அவர்களின் நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை. தேர்வு குலுக்கல் முறையில்.

இதன் காலப் பொருத்தத்தைக் கவனிக்கவேண்டும். 2019 ஜூனில் ருச்சோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதிகளை வளைப்பதை விசாரிப்பது கூட்டரசு நீதிமன்றங்களின் வேலை இல்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் சொல்லிவிட்டது. மிச்சிகனின் பழைய வரைபடத்தை எதிர்த்து அதற்கு இரண்டு மாதம் முன்பு கிடைத்திருந்த தீர்ப்பும் அதோடு செல்லாமல் போனது. நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருந்த மாநிலங்கள் கைபிசைந்து நின்றபோது, மிச்சிகன் மக்களின் கையில் தாங்களே எழுதிய திருத்தம் இருந்தது.

2022இல் அடுத்த மனு. வான் லேஞ்ச்வெல்ட் கேட்ட கேள்விக்கான விடை இப்போது அரசியல் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது: சான்றளிப்பது எழுத்தர்வேலை போன்ற கடமை, உறுப்பினர்களுக்கு அதில் விருப்ப அதிகாரம் கிடையாது, வாக்குக் கணக்கைத் தவிர வேறெதையும் அவர்கள் பார்க்கக்கூடாது. ஒன்பது நாள் முன்கூட்டிய வாக்குப்பதிவும் சேர்ந்தது. தன் கையைக் கட்டப்போகும் இந்த மனுவை வாக்குச்சீட்டில் சேர்க்கலாமா என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது அதே மாநில நால்வர் குழுதான். ஆகஸ்ட் 31 அன்று குழு மறுபடியும் இரண்டுக்கு இரண்டு என்று முட்டிக்கொண்டது. அதே நாளில் கருக்கலைப்பு உரிமை பற்றிய இன்னொரு மனுவும் முட்டுப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், மனுவில் சில சொற்களுக்கிடையே போதிய இடைவெளி இல்லை என்பது. ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்கள் ஒரு அச்சுக் குறைக்காகக் குப்பைக்குப் போகவிருந்தன. மாநில உச்ச நீதிமன்றம் எட்டு நாட்களில் இரண்டையும் சேர்க்க உத்தரவிட்டது. நவம்பரில் தேர்தல் விதித் திருத்தத்துக்கு 60 விழுக்காடு ஆதரவு.

எழுத்து வேலை செய்ததா? 2024 மே மாதம் டெல்டா கவுண்டியில் ஒரு திரும்ப அழைத்தல் தேர்தலின் முடிவுக்குச் சான்றளிக்க இரு உறுப்பினர்கள் மறுத்தார்கள். சட்டம் இப்போது என்ன சொல்கிறது என்று மாநிலத் தேர்தல் அலுவலகம் கடிதம் எழுதியது. சில நாட்களில் சான்றளிப்பு முடிந்தது. வெய்ன் கவுண்டியின் இரவுக் கூச்சலும் தொலைபேசியும் இங்கே தேவைப்படவில்லை. ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. அதிபர் தேர்தல் முடிவை எண்ணி ஏற்பது பற்றிய 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓட்டைகளை நாடாளுமன்றமும் 2022 டிசம்பரில் அடைத்தது: ஒரு மாநிலத்தின் முடிவை எதிர்க்க இனி ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட வேண்டும், துணை அதிபரின் பங்கு சடங்குமுறையானது மட்டுமே. 2025 ஜனவரி 6 அன்று, சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகளும் அப்போதைய துணை அதிபருமான கமலா ஹாரிஸ், தன் தோல்வியைத் தானே வாசித்து அறிவித்தார். அவைக்கு வெளியே கலவரம் இல்லை.

எழுத்தின் எல்லைகள்

இந்த நம்பிக்கைக்கு எதிரான சான்றுகளும் கனமானவை.

முதலாவது, நல்ல விதியும் தவறாகக் கையாளப்படலாம். மிச்சிகனின் 13 பேர் குழு டெட்ராய்டைப் பல துண்டுகளாக்கிப் புறநகர்களோடு ஒட்டியது. தங்கள் வாக்கின் வலு கரைக்கப்பட்டதாகக் கறுப்பின வாக்காளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 13 சட்டமன்றத் தொகுதிகள் நிறத்தையே முதன்மை அளவுகோலாகக் கொண்டு வரையப்பட்டன, அவை செல்லாது என்று 2023 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட கூட்டரசு அமர்வு தீர்ப்பளித்தது. 2020இல் வாக்கைக் காக்க விழித்திருந்த நகரமே, சீர்திருத்தத்தின் பெயரால் இரண்டாம் முறை காயப்பட்டது. இதை ஒரு சிறு பிழை என்று கடந்துபோக முடியாது. புதிய வரைபடத்தின்கீழ் 2022இல் ஜனநாயகக் கட்சி ஏறக்குறைய 40 ஆண்டுகளில் முதன்முறையாக இரு அவைகளையும் வென்றது. 2024இல் காற்று மாறியதும் பிரதிநிதிகள் அவை குடியரசுக் கட்சிக்குப் போனது. வாக்கு நகர்ந்தால் அவை நகர்கிறது என்ற அளவில் மட்டும் குழு தன் வேலையைச் செய்திருக்கிறது.

இரண்டாவது, விதியால் நம்பிக்கையை ஊட்ட முடியாது. தேர்தல் ஒழுங்காக நடந்தது என்று சொன்ன டிரம்ப் வாக்காளர்கள் 2020இல் 21 விழுக்காடு, 2024இல் 93 விழுக்காடு என்கிறது பியூ. இடைப்பட்ட நான்காண்டுகளில் எண்ணும் முறை அப்படியொன்றும் மாறிவிடவில்லை, வென்றவர் மாறினார். ஹாரிஸுக்கு வாக்களித்தவர்களில் 84 விழுக்காட்டினர் தோற்றபிறகும் தேர்தல் ஒழுங்காகவே நடந்தது என்றார்கள். தோற்றவர் தோல்வியை ஏற்கிறாரா என்பதே ஆதாரமான சோதனை என்றால், அதில் தலைவர்களின் பேச்சுக்குள்ள பங்கை எந்தத் திருத்தமும் ஈடுசெய்யாது. ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்குப் பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். 2020இல் மிச்சிகனின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் உண்மையான தேர்வாளர்கள் தாங்களே என்று பொய்ச் சான்றிதழில் கையெழுத்திட்டவர்கள் மீதான வழக்கை 2025 செப்டம்பரில் நீதிபதி தள்ளுபடி செய்தார்.

மூன்றாவதுதான் மிகவும் கடினமானது. 2025 ஆகஸ்டில், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல், குடியரசுக் கட்சிக்கு மேலும் ஐந்து இடங்கள் கிடைக்கும்படி டெக்சாஸ் தன் வரைபடத்தை மாற்றியது. பதிலுக்குக் கலிஃபோர்னியா, 2008இல் வாக்காளர்கள் உருவாக்கிய, நாட்டுக்கே முன்மாதிரியாகச் சொல்லப்பட்டுவந்த தன் குடிமக்கள் ஆணையம் வரைந்த நாடாளுமன்ற வரைபடத்தை ஒதுக்கிவைக்க நவம்பர் 4 அன்று வாக்களித்தது. எதிரி விதியை மீறும்போது தான் மட்டும் விதிக்குள் நிற்பது தற்கொலை என்று அங்குள்ளவர்கள் வாதிட்டார்கள். அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள முடியாது. ஆனாலும் நேர்மையான வரைபடத்துக்காக ஒரு தலைமுறை உழைத்த ஊரில் அதே மக்கள் அதை நிறுத்திவைத்தார்கள் என்பது இழப்புதான். வேறு பெயர் சொல்லி அதை மறைக்கக்கூடாது.

இந்தியானா அதே சுழலில் இழுபட்டு, மறுத்தது. மாநில செனட்டின் 50 உறுப்பினர்களில் 40 பேர் குடியரசுக் கட்சியினர். ஒன்பது நாடாளுமன்ற இடங்களில் ஏழு ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன. மீதி இரண்டையும் பறிக்கும் வரைபடத்தை நிறைவேற்றச் சொல்லி வெள்ளை மாளிகை நெருக்கியது. மறுத்தால் அடுத்த தேர்தலில் எதிர்வேட்பாளரை நிறுத்துவோம் என்ற எச்சரிக்கை வந்தது. உறுப்பினர்கள் சிலர் வீட்டுக்கு யாரோ பொய்த் தகவல் கொடுத்து ஆயுதமேந்திய காவலர்களை வரவழைத்தார்கள். மைக் போஹசெக் என்ற செனட்டரின் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம். மாற்றுத்திறனாளிகளை இழிவுசெய்யும் ஒரு சொல்லால் டிரம்ப் வேறோர் அரசியல்வாதியைத் திட்டியதைக் கேட்டபின், தான் எதிர்த்து வாக்களிப்பதாக அவர் அறிவித்தார். டிசம்பர் 11 அன்று 31க்கு 19 என்று மசோதா தோற்றது. எதிர்த்தவர்களில் 21 பேர் குடியரசுக் கட்சியினர்.

இங்கே எழுதப்பட்ட தடை எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றம் கதவை மூடிவிட்டது, குடிமக்கள் ஆணையம் கிடையாது, வாக்காளர்கள் மனுப்போட்டுத் திருத்தம் கொண்டுவரும் வழியும் அந்த மாநிலத்தில் இல்லை. நின்றது 21 பேரின் மனம்தான். அப்படியானால் லெவிட்ஸ்கி, ஸிப்லாட்டின் முதல் நூலே சரி என்று சொல்லிவிடலாமா? முடியாது. இந்தியானாவின் 21 பேரும் மிச்சிகனின் ஒருவரும் காட்டுவது, மனசாட்சி ஒரு தேர்தலுக்கு அவகாசம் வாங்கித்தரும் என்பதை. அந்த அவகாசத்தை மிச்சிகன் மனுக்களாலும் வாக்குகளாலும் நிரப்பியது. இந்தியானாவில் அந்தச் செனட்டர்கள் தங்கள் துணிவுக்கான விலையைக் கட்சியின் உட்தேர்தலில் கொடுக்க நேரிடும் என்ற நிலையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வரக்கூடியவர்களைக் கட்டுப்படுத்த எதுவும் எழுதப்படவில்லை.

அடுத்த சோதனை

சலிப்புக்கும் நம்பிக்கைக்கும் இடையே எது வெல்லும் என்று ஆரூடம் சொல்வது இக்கட்டுரையின் வேலை இல்லை. மிச்சிகனின் சான்று ஒன்றைத் தெளிவாக்குகிறது: அங்கே நம்பிக்கை மனநிலையாக வந்து சேரவில்லை, மழையில் நின்று கையொப்பம் வாங்கியவர்களின் உழைப்பாக வந்தது. அந்த உழைப்பு மற்ற மாநிலங்களிலும் சாத்தியமாக, மக்கள் மனுப்போடும் உரிமை முதலில் இருக்கவேண்டும். அமெரிக்காவின் ஏறக்குறைய பாதி மாநிலங்களில் சட்டத்தையோ அரசியல் சட்டத் திருத்தத்தையோ மக்களே முன்மொழியும் உரிமை கிடையாது. இருக்கும் இடங்களிலும் அதை நெருக்கும் முயற்சிகள் நடக்கின்றன. திருத்தம் நிறைவேற 60 விழுக்காடு வேண்டும் என்று மாற்ற முயன்ற தீர்மானத்தை 2023 ஆகஸ்டில் ஒஹையோ மக்கள் தோற்கடித்தார்கள். ஜனநாயகம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அதிபர் மாளிகையைவிட இந்த உரிமையின் மீது கூடுதலாகக் கண்வைக்கவேண்டும்.

மிச்சிகனுக்கு அடுத்த சோதனை 2026 நவம்பர் தேர்தல். ஆளுநர், மாநிலச் செயலர், தலைமை அரசு வழக்கறிஞர் ஆகிய மூன்று பதவிகளுக்கும் அதில் வாக்களிப்பு. வெல்பவர்களே 2028 அதிபர் தேர்தலின்போது பொறுப்பில் இருப்பார்கள். அதே வாக்குச்சீட்டில், 1978 முதல் 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசியல் சட்டப்படி கேட்கப்பட்டுவரும் கேள்வியும் இடம்பெறும்: மாநிலத்தின் அரசியல் சட்டத்தை முழுவதுமாகத் திருத்தி எழுத ஒரு மாநாட்டைக் கூட்டலாமா? ஆம் என்று பெரும்பான்மையோர் சொன்னால், 2018இலும் 2022இலும் மக்கள் எழுதிச் சேர்த்த விதிகள் உட்பட எல்லாமே மறுபடியும் விவாதத்துக்கு வரும்.